மஹ்ரம் எங்கே போனார்?

சூரமங்கலத்தில் மொட்டை மாடியில் ஏறி நின்றால் சேர்வராயன் மலைத்தொடர் தெரிகிறது. அதன் மேலிருக்கும் ஏற்காடு இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். நம் வீட்டு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறிப் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே வீட்டுக்கு மருமகளாக வந்து இருபது ஆண்டுகளான பின்னும், துணி காயப் போடும் நேரத்தில் மட்டுமே அந்த மலையைப் பார்த்திருக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதற்குச் செலவையோ சோம்பலையோ காரணமாகச் சொல்லியிருந்தால் அது அவரவர் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். மார்க்கத்தையல்லவா காரணமாகச் சொல்கிறார்கள்! மஹ்ரமான ஆண் துணையின்றிப் பெண் பயணம் செய்யலாகாது என்ற நபிமொழியை எடுத்து நீட்டுகிறார்கள். அந்த நபிமொழியை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணவரும் தந்தையும் அண்ணன் தம்பிமாரும் நிறைந்த வீட்டில் அதை ஓதிக் காட்டுவதன் பொருள் என்ன? துணையின்றிப் போகாதே என்று சொல்லும் சகோதரரே, துணையாகப் போக வேண்டியவர் நீங்கள்தானே! தடை விதிப்பதற்கு மட்டும் வந்து நிற்கும் மஹ்ரம், வண்டி கிளம்பும்போது எங்கே போய்விடுகிறார்?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது எந்த மனைவியை உடன் அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடித் தோற்றதும், பின்னொரு நாள் வென்று, அதற்கு இது ஈடு என்று சொன்னதும் அபூதாவூதில் உள்ளன. இவற்றைவிட நம்மை நிறுத்தி யோசிக்கச் செய்வது முஸ்லிம் நூலில் வரும் ஒரு செய்தி. சாறு நன்றாகச் சமைக்கும் பாரசீக அண்டை வீட்டார் ஒருவர் நபியவர்களை விருந்துக்கு அழைக்கிறார். ஆயிஷாவும் வரலாமா என்று கேட்கிறார்கள். அவர் இல்லை என்கிறார்; நபியவர்களும் மறுத்துவிடுகிறார்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் சம்மதித்த பிறகே இருவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக நடந்து போகிறார்கள். நண்பர்களுடன் மலைக்குப் போய் வந்து, சாப்பாடு எங்கே என்று கேட்கும் நம் வீட்டு ஆண்கள் இந்த நபிமொழியை எந்தப் பயானிலும் கேட்டதில்லையா?

ஃபித்னா என்பார்கள். பூங்காவில் அந்நிய ஆண்கள் இருப்பார்களாம். ரமளானின் கடைசிப் பத்தில், தராவீஹ் முடிந்த கையோடு, தோளோடு தோள் இடிபடும் கடைவீதி நெரிசலுக்குள் இதே பெண்களைத் துணி எடுக்க அனுப்புகிறோமே, அங்கே இருப்பவர்கள் மலக்குகளா? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது. பெண்களுக்கு அதற்கடுத்த வசனத்தில். பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கப்பட்டது என்று பார்க்கச் சொல்லும் 29:20 வசனமும் ஆண்களுக்கென்று மட்டும் இறங்கியதன்று.

சரி, அழைத்துச் செல்லும் வீடுகளின் நிலை என்ன? மேட்டூருக்குப் போவதென்றால் ஃபஜ்ருக்கு முன்பே பெண்கள் எழுந்து பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். அண்டாவை வேனில் ஏற்றி, அங்கே இறக்கிப் பரிமாறி, எச்சில் தட்டுகளைக் கழுவி, ஆண்களும் பிள்ளைகளும் குளித்துவிட்டு வரும்வரை பைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். அடுப்பு இடம் மாறியதற்குச் சுற்றுலா என்று பெயர். இத்தனைக்கும் மேட்டூரில் வழிநெடுகப் பொரித்த மீன் கிடைக்கிறது. மீனுக்கு அறுப்பும் இல்லை, ஹலாலா என்ற ஐயமும் இல்லை. வெளியூரில் எதைச் சாப்பிடுவது என்ற நம் நிரந்தரக் கவலைக்கு அல்லாஹ் காவிரியிலேயே விடை வைத்திருக்கிறான். நாமோ அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

தொழுகை விஷயம் இன்னும் கவலைக்குரியது. ஹனஃபி சட்டப்படி கஸ்ர் செய்யும் தொலைவு ஏறக்குறைய 78 கிலோமீட்டர். ஏற்காடோ மேட்டூரோ சங்ககிரியோ அந்த எல்லைக்குள் வராது. ஆகவே லுஹரையும் அஸரையும் அந்தந்த நேரத்தில், முழுமையாகத் தொழ வேண்டும். ஆண்கள் பள்ளிவாசலைத் தேடிப் போய்த் தொழுதுவிட்டு வருகிறார்கள். பெண்கள் வேனுக்குள் இருந்துவிட்டு, இரவில் வீட்டில் களா செய்கிறார்கள். ஒரு நாள் மகிழ்ச்சிக்கு இரண்டு ஃபர்ளுகளை விலையாகக் கொடுக்கும்படி அவர்களை விட்டவர்கள் யார்? பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபியவர்கள் சொல்லியிருக்க, மர நிழலில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, ஒளூவுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைக்க நமக்கு எவ்வளவு நேரமாகும்? அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அவனுடைய பள்ளிகளைவிட்டுத் தடுக்காதீர்கள் என்ற நபிமொழி இருக்கும்போது, சுற்றுலா ஊர்களின் ஜமாஅத்துகள் பெண்களுக்கென ஓர் அறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒதுக்கலாகாதா? வணக்க வழிபாட்டுக்காகக் கேட்கும் இதற்குக் கூடவா கூட்டம் போட்டுத் தள்ளிவைக்க வேண்டும்?

வீண்விரயம் என்பவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வலீமாவில் மீந்து குப்பைக்குப் போகும் சோற்றின் விலையில் ஒரு தெருவே குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போய் வரலாம்.

சங்ககிரிக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். திப்பு சுல்தானோடு தோள் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட இடம் அது. இந்த மண்ணின் போரில் நம் முன்னோருக்கும் அண்டை வீட்டாரின் முன்னோருக்கும் ஒரே பகைவன்தான் இருந்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் ஏது? அதைச் சொல்லி வளர்க்க வேண்டிய தாய் அந்த மலையின் முதல் படியைக்கூட மிதித்ததில்லை. பேருந்தின் சன்னல் வழியே, ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது பார்த்திருப்பாள்.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் நோன்பிலும் இரவுத் தொழுகையிலும் மூழ்கி மனைவியை மறந்திருந்தபோது, உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நபியவர்களும் அதை உண்மை என்று ஏற்றார்கள். வணக்கத்தின் பெயராலேயே அந்த உரிமையைத் தள்ளிவைக்க முடியாது என்றால், பைக்கின் பெயரால் தள்ளிவைப்பதற்கு என்ன பதில் இருக்கிறது?

ஆடிப்பெருக்கு நாளில் மேட்டூரில் நிற்க இடமிராது. அதை விட்டு வேறொரு ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். ஃபஜ்ர் தொழுததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அணையைச் சேரலாம். 1934இல் கட்டி முடித்த அணை; 120 அடி நீர்மட்டம், 16 கண் மதகு. பிள்ளைகளுக்கு அவற்றைத் தாயே காட்டிச் சொல்லட்டும். பைகளின் அருகில் அன்று அத்தாமார் உட்காரட்டும்.