பாம்பின் கண்ணில் கை வைக்காதீர்!

பாம்பும் இப்போது வளர்ப்புப் பிராணி ஆகிவிட்டது! 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் மலேசியாவிலிருந்து வந்த பயணியின் பெட்டியைத் திறந்தால், உள்ளே 47 மலைப்பாம்புகள்! திருச்சியில் இறங்கும் சரக்கு கோட்டுச்சேரிக்கு வர எத்தனை நேரமாகும்?

வாங்குகிறவர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணுக்கு மூடி. சட்டை உரிக்கும் முன் அது பால் போல வெளுக்கும். "ஐயோ, கண்ணு போச்சு!" என்று பதற வேண்டாம். சில நாளில் தானே தெளியும். மூடியும் சட்டையோடு கழன்றுவிடும்.

ஈரம் போதாவிட்டால்தான் வம்பு. சட்டை துண்டு துண்டாகக் கிழியும், கண்மூடி ஒட்டிக்கொள்ளும். கோட்டுச்சேரி கடல்காற்று வீசும் ஊர்தான். ஏ.சி. அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் காற்று எப்படி நுழையும்? ஒட்டியதை இடுக்கியால் பிடுங்கினால் கண்ணே போகலாம்! ஈரத்துணி போட்ட டப்பாவில் பாம்பை விட்டால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் கழன்றுவிடும். இல்லாவிட்டால் கால்நடை டாக்டர்தான் பார்க்க வேண்டும். விற்கிறவன் இதையெல்லாம் சொல்லியா கொடுக்கிறான்?

நல்ல பாம்பு, சாரை என்று நம்மூர்ப் பாம்பை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு மலைப்பாம்பையும் 2024 விதிப்படி அரசிடம் பதிய வேண்டும். திருட்டுத்தனமாக வாங்கியவர் டாக்டரிடம் தூக்கிப்போகப் பயப்படுவார். வீட்டிலேயே இடுக்கியை எடுப்பார்!