எங்கேயோ நடக்குதாம், நமக்கென்னவாம்!

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அறுபதாம் கல்யாண விருந்து. வாழ்த்துரை சொல்ல மேடையேறியவர் தம்பதியரை இரண்டே வரியில் வாழ்த்தி முடித்துவிட்டு நாட்டை வாழ்த்த ஆரம்பித்தார். "உக்ரேன்ல சண்டை, காஸாவுல சண்டை, ஈரான்ல குண்டு. நமக்கு என்னங்க? பூகம்பம் இல்ல, எரிமலை இல்ல, போர் இல்ல. ஆண்டவன் பார்த்துப் பார்த்துக் கொடுத்த நாடு. எங்கேயோ நடக்குறதப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, நல்லா சாப்பிடுங்க!" மண்டபமே கைதட்டியது. என் மேசையில் இருந்த அண்ணன் ஒருவர், "உண்மைதானே லா" என்று சொல்லிக்கொண்டே கோழிப் பெரட்டலில் கரண்டியை விட்டார்.

பேச்சைவிட அந்தக் கரண்டிதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. உலகத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்பதை, வேறு எதை வேண்டுமானாலும் தின்றுகொண்டு சொல்லலாம். கோழியைத் தின்றுகொண்டு சொல்லக்கூடாது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழைந்தது. உலகச் சந்தைக்குச் சோளம் அனுப்பும் பெரிய நாடுகளில் உக்ரேனும் ஒன்று. "நாம அங்கே வாங்கறதில்லையே, பிரேசில், அர்ஜென்டினாவுலதானே வாங்கறோம்" என்று யாராவது கெட்டிக்காரர் கேட்பார். உக்ரேன் சோளம் கிடைக்காதவன் பட்டினியா கிடப்பான்? அவனும் பிரேசில் வாசலில்தான் வந்து நிற்பான். விலை ஏறியது. கோழிப் பண்ணைச் செலவில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு தீனிக்கே போகிறது. அந்தத் தீனிக்கான சோளமும் சோயாவும் கப்பலில்தான் வருகின்றன. தீனி குறைந்தது, கோழி சிறுத்தது, வளர நாள் பிடித்தது. கிலோ 8 வெள்ளி 90 காசுக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசாங்கம் உச்சவரம்பு போட்டு வைத்திருந்ததால் பண்ணைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். பாசாரில் கோழிக்கடைத் தவுக்கே, "நாளைக்கு வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

மே 23 அன்று அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி, ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதி நிறுத்தம் என்று அறிவித்தார். மாதம் 36 லட்சம் கோழி. சிங்கப்பூர் தின்னும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. அங்கே கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் படம் பிடித்துக் காட்டின. எங்கேயோ நடக்கும் எதுவும் நம்மைத் தொடாது என்று மேடையில் பேசும் நாம், நம் வீட்டில் நடந்ததை வைத்து அடுத்த வீட்டு அடுப்பையே அணைத்தோம்!

இந்த ஒரு கதைக்குள் எத்தனை நாடுகள் வந்துபோய்விட்டன பாருங்கள். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 13 அன்று இந்தியா கோதுமையை நிறுத்தியது. கடைசியில் நாம் கோழியை நிறுத்தினோம். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் அந்நாளைய விலைப்பட்டியலை நினைத்துப் பார்க்கலாம். அச்சடித்த விலையின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பார்கள். சில மாதம் கழித்து அந்தத் தாளின் மேல் இன்னொரு தாள். ஓரத்தை நகத்தால் நெம்பினால் புதிய விலை, பழைய விலை, அதற்கும் பழைய விலை என்று அடுக்கடுக்காக வரும். கீவ் நகரத்து வரலாற்றை நம் கடைக்காரர் பசை தடவி எழுதி வைத்திருந்தார். நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, "இவனுங்க கொள்ளையடிக்கிறானுங்க" என்று கடைக்காரரைத் திட்டினார்கள்.

கோழி பிடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சோறு. நம் நாடு தின்னும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் 1 அன்று அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. எல்லோரும் கிலோ 2 வெள்ளி 60 காசு உள்ளூர் அரிசியின் மேல் பாய, அந்த மூட்டை பேரங்காடி அடுக்குகளிலிருந்து காணாமல் போனது. டில்லியில் ஒரு அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா மளிகைக் கடையில் நம் அக்காமார்கள் புழுங்கல் அரிசி மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்கள். எங்கேயோ நடந்ததுதான் இதுவும்.

பெட்ரோல் கதையைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த "நமக்கென்ன" மனோபாவத்தை ஊட்டி வளர்த்ததே பெட்ரோல் நிலையம்தான். உலகம் முழுக்க எண்ணெய் விலை எகிறிக் குதித்தபோதும் இங்கே ரோன் 95 பல ஆண்டு 2 வெள்ளி 5 காசிலேயே நின்றது. வித்தியாசம் எங்கே போயிற்று? அரசாங்கம் கட்டியது. அரசாங்கம் யார் காசில் கட்டியது? மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகவேண்டிய நம் காசில்தான். மயக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கியவனிடம், "எனக்கு வலிக்கவே இல்லை, அப்போ நீங்க பல்லே பிடுங்கல" என்று சொல்வதுபோல்தான் இருக்கிறது நம் மேடைப் பேச்சு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனபோது டீசல் வண்டி வைத்திருந்த நம்மவர்கள் பலருக்கு மயக்கம் தெளிந்தது. வலி தெரிந்தது. மற்றவர்கள் இன்னும் நாற்காலியில் சாய்ந்தபடி இருக்கிறார்கள்.

"பூகம்பம் இல்ல" என்றாரே, அதையும் விடுவதாக இல்லை. 2015 ஜூன் 5 அன்று ரானாவ் குலுங்கியபோது கினபாலு மலையில் 18 பேர் செத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கு, கெடா பக்கம் நம் நாட்டில் 68 உயிர் போனது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்திராவில் ஆடிய நிலம் அது. 2025 ஆகஸ்டில் ஜொகூர் செகாமட்டிலேயே பூமி ஆடிக் காட்டியது. வெள்ளம் என்றால் தாமான் ஸ்ரீ மூடாவில் 2021 டிசம்பரில் கூரை மேல் ஏறி நின்றவர்களிடம் கேளுங்கள். ஆண்டவன் பார்த்துப் பார்த்துக் கொடுத்த நாடுதான், மறுக்கவில்லை. காப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று. வேறு யார் இதைச் சொன்னாலும் போகட்டும் என்று விடலாம். தோட்டத்துத் தமிழனின் பேரன் சொல்லலாமா? நாம் இந்த மண்ணில் இருப்பதே உலக விவகாரம்தான். 1908இல் ஃபோர்டு கம்பெனி மலிவான கார் செய்து விற்கத் தொடங்கியது. காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பருக்குப் பால் வெட்ட ஆள் வேண்டும். கங்காணி நம் ஊருக்கு வந்து நின்றான். அமெரிக்காக்காரன் கார் வாங்கியதால் நம் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறினான். 1930இல் அதே அமெரிக்காக்காரன் கார் வாங்குவதைக் குறைத்ததும் ரப்பர் விலை விழுந்தது. பல்லாயிரக்கணக்கானோரை வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டு ரப்பருக்கு மவுசு திரும்பியது. துரைக்கு லாபம் ஏறியது, கூலி ஏறவில்லை. 1941இல் இதே கிள்ளானில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னால் நிற்க, தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்றும் கேட்டார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர் போனது. நாதனை நாடு கடத்தினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8, கோத்தா பாருவில் ஜப்பான்காரன் இறங்கினான். அதுவரை துரைமார்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே பாட்டுத்தான்: இங்கே வரமாட்டான், சிங்கப்பூர்க் கோட்டை இருக்கிறது, நமக்கொன்றும் ஆகாது. சைக்கிளில் வந்தவன் 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைப் பிடித்தான். பிறகு மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லியும், சொல்லாமல் லாரியில் அள்ளிப்போட்டும் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் போனவர்களுக்கு ஒழுங்கான கணக்குக்கூட இல்லை. பர்மாப் போருக்கும் கோலசிலாங்கூர் தோட்டத்துப் பால் வாளிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் காலத்திலும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் பேசியிருப்பார்.

பழைய கதை என்பீர்கள். 2014 ஜூலை 17, எம்எச்17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த விமானம். கிழக்கு உக்ரேன் வானத்தில் ஏவுகணை பட்டு 298 பேர் போனார்கள், அதில் 43 பேர் மலேசியர்கள். இதில் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. "உக்ரேன்ல சண்டை, நமக்கு என்னங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்ல மட்டும் சிலருக்கு எப்படி மனம் வருகிறதோ. இலங்கைப் போர் 2009இல் முடிந்து பத்தாண்டு கழித்து, 2019 அக்டோபரில் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 பேரைச் சொஸ்மா பாதுகாப்புச் சட்டத்தில் இங்கே உள்ளே தள்ளினார்களே, சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட? மறு ஆண்டு வழக்கைக் கைவிட்டார்கள். அதுவும் எங்கேயோ நடந்த போர்தான்.

இன்னொரு வேடிக்கை. மேடையில் "நமக்கென்ன" என்பவர்தான் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் மூன்றாம் உலகப் போர் அனுப்புவார். பாபா வாங்கா அன்றே சொன்னாராம், சனிப்பெயர்ச்சி முடிந்ததும் பாதி உலகம் அழியுமாம், இதைப் பதினோரு பேருக்கு அனுப்பினால் நல்லதாம். அழியப்போகும் அந்தப் பாதியில் காஜாங் வருமா, கிள்ளான் வருமா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. உலகம் அழிவதை நம்புவார், கோழி விலை ஏன் ஏறியது என்பதை நம்பமாட்டார். நம் செய்திகளிலும் உலகம் என்பது விளம்பரத்துக்கு முன் செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடம். நடிகர் கட்சி தொடங்கினால் அரைப்பக்கம். எண்ணெய்க் கப்பல்கள் போகும் ஹோர்முஸ் நீரிணை ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். தாய்லாந்தும் கம்போடியாவும் 2025 ஜூலை 24 அன்று பீரங்கியால் அடித்துக்கொண்டு, 28ஆம் தேதி புத்ராஜெயாவுக்கு வந்துதான் சண்டையை நிறுத்த ஒத்துக்கொண்டார்கள். கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் போர் நிறுத்தம்! அந்த வாரம் எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் பேசிய விஷயம், பூங்கா எதிரே யார் காரை நிறுத்துகிறார்கள் என்பது.

கிள்ளான்காரர்கள் இப்படிப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. மலாக்கா நீரிணைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. 2023இல் இருபதடிக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் கொள்கலன் ஏறி இறங்கிய துறைமுகம். 2023 நவம்பரில் ஏமன் பக்கம் ஹூதிகள் கப்பலைப் பிடிக்கவும் அடிக்கவும் தொடங்கினார்கள். கப்பல்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. வரவேண்டிய நாளில் வராமல், வந்தால் மொத்தமாக வந்து, 2024 நடுவில் இங்கே கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன. அதற்கு முன்பே, 2023 டிசம்பரிலேயே இஸ்ரேலின் ஸிம் கப்பல்களுக்கு நம் துறைமுகங்களில் இடமில்லை என்று பிரதமர் அன்வார் அறிவித்திருந்தார். இதெல்லாம் வேறு கண்டத்துச் செய்தியா? அந்தக் கொள்கலன்களை இழுத்துக்கொண்டு போகும் லாரியில் உட்கார்ந்திருப்பவர் நம் மாமன் மச்சான். கிரேன் மேலே இருப்பவர் நம் பக்கத்து வீட்டுத் தம்பி. இப்படிக் கப்பலில் வந்த சோளத்தைத்தான், திரும்பவும் சொல்கிறேன், அந்தக் கோழி தின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நமக்குச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக் கூட்டம் என்றால் தலைவர் நாற்காலிக்கு அடிதடி, தீபாவளி இரவு என்றால் சென்னையிலிருந்து பாடகர், அவர் தங்க நல்ல ஹோட்டல். துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம்மவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எந்தக் கப்பல் ஏன் வரவில்லை, வராதபோது எது விலை ஏறியது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். ஒரு சங்கமாவது அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொல்லட்டும். மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். வாழ்த்துரை சொல்ல வருகிறவர்களிடமிருந்து மைக்கைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தால் போதும்.