மெழுகுவர்த்திச் சுடரும் பாட்டியின் மைத்தட்டும்



வெள்ளை மெழுகுவர்த்தி அமைதியைக் குறிக்கும், சிவப்பு அன்பைக் குறிக்கும், பச்சை செல்வத்தைக் குறிக்கும் என்னும் பட்டியல்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. மாணவர் சிலர் அவற்றை அப்படியே படியெடுத்து வந்து ஒப்படைக்கின்றனர். அப்பட்டியல்கள் மெழுகில் கலந்த சாயத்தைப் பற்றியனவேயன்றிச் சுடரைப் பற்றியன அல்ல. கடையில் வாங்கும் சிவப்பு மெழுகுவர்த்தியும் பச்சை மெழுகுவர்த்தியும் ஒரே மஞ்சள் சுடரோடுதான் எரிகின்றன. பட்டியலை மனனம் செய்த பிள்ளை சுடரைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

சுடரின் உண்மையான நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலேற்றுகிறது, அது ஆவியாகிறது, எரிவது அந்த ஆவியே. சுடரை ஊதியவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால் நெருப்புத் தாவிச் சென்று திரியைப் பற்றிக்கொள்ளும். அடிப்பகுதியில் உயிர்வளி தாராளமாகக் கிடைப்பதால், சிதைந்த மூலக்கூறுகள் நீலமாய் ஒளிர்கின்றன. மேலே உயிர்வளி போதாமையால் நுண்ணிய கரித்துகள்கள் தோன்றி, 1,000 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறி மஞ்சளாய் மின்னுகின்றன. நீலம் குளிர்ச்சியின் நிறம் என்று ஓவிய வகுப்பில் சொல்லித்தருகிறோம். சுடரின் நீல விளிம்போ 1,400 பாகையை நெருங்கும்! நமக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பெரும்பகுதி இன்னும் எரிந்து முடியாத கரி தருவதே.

இதனை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சுடரின் மஞ்சள் பகுதியில் குளிர்ந்த தட்டைப் பிடித்தால் கரி படியும். ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை கூட்டிய நம் பாட்டிமார் செய்ததும் இதுதான். மைக்கேல் பாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளுக்கும் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் வாசற்படி வீட்டிலேயே இருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டிச் சென்று எங்கோ தொடங்குகிறோம்.

மலையில் வாழ்வோருக்கென ஒரு கேள்வியும் உண்டு. 1859ஆம் ஆண்டில் எட்வர்ட் பிராங்க்லாந்தும் ஜான் டிண்டலும் ஐரோப்பாவின் மோன் பிளாங் சிகரத்திற்கு மெழுகுவர்த்திகளைச் சுமந்து சென்று எரித்துப் பார்த்தனர். ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரத்திலும் மெழுகு அடிவாரத்தில் எரிந்த அளவே எரிந்தது. ஆனால் சுடர் வெளிறிப்போயிற்று. காற்றழுத்தம் குறையக் குறையச் சுடரில் கரி உண்டாவதும் குறையும். நம் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. அந்த வேறுபாடு இங்கே வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் ரிங்லெட்டில் ஒரு மணி நேரமும், 2,000 மீட்டரை எட்டும் பிரிஞ்சாங் மலையுச்சியில் ஒரு மணி நேரமும் ஒரேவகை மெழுகுவர்த்தியை எரித்து, நிறுத்துப் பார்க்கலாமே! (காற்றுக்கு நல்ல மறைப்பு வேண்டும்; அந்த உச்சியில் காற்று சும்மா விடாது.)

இனி, குறியீடு. நிறமும் சுடரும் சேர்ந்த குறியீட்டைத் தேடி அயல்நாட்டுப் பட்டியலுக்குப் போவானேன்? வடலூரில் வள்ளலார் 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று தொடங்கிவைத்த சத்திய ஞான சபையில் சோதியை ஏழு திரைகள் மறைத்திருக்கின்றன. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு எனத் திரைகள் ஒவ்வொன்றாய் விலக, சோதி தெரிகிறது. அங்கே நிறம் அறியாமையின் திரை. சுடர் அதற்கு அப்பாற்பட்டது. இத்திரைகளை வானவில்லின் நிறங்களோடு பொருத்தி, நம் முன்னோர் அன்றே ஒளியியலைக் கண்டனர் என்று பேசும் ஆசை எழக்கூடும். வேண்டாம். அவ்வாறு பேசுவது வள்ளலாருக்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் பெருமையன்று.

இவற்றையெல்லாம் எந்த மொழியில் சொல்வது? 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அரசு அறிவித்தது. பின் 2016இல் இருமொழித் திட்டம் வந்தது; தமிழ்ப்பள்ளிகளுள்ளும் அதனை விரும்பி ஏற்றவை உண்டு. பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் சுடர், தழல், பிழம்பு, கொழுந்து, திரி, கரி, மை என்று சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பத்து வயதுப் பிள்ளை தன் பாட்டியின் மைத்தட்டைப் பற்றி ஆங்கிலத்தில் தடுமாறி விடை எழுத வேண்டிய தேவை என்ன?

சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விளக்கை 'அணை' என்று சொன்னால் கண்டிக்கும் பெரியவர்கள் இன்றும் சில வீடுகளில் உள்ளனர். 'குளிரவை' என்பர், 'மலையேற்று' என்பர். இதை வகுப்பில் சொன்னால், "நாமதான் மலைமேலேயே இருக்கோமே ஐயா, இன்னும் எங்கே ஏத்துறது?" என்று கேட்கின்றனர். உங்கள் தோட்டத்தில் இதற்கு என்ன சொல் வழங்கியது? அறிந்தவர்கள் எழுதுங்கள்.