ஆங்கிலப் பாடத்துக்கு வீட்டுத் தமிழே துணை

ஆங்கில இலக்கணப் பயிற்சி என்றால் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று ஒரு பக்கம் வந்துவிடும். சம்பாடி, எனிபாடி, நோபாடி ஆகிய மூன்றில் எதைப் போடுவது என்று நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். உடனே, “வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி; ஆங்கிலத்திலேயே பேசுங்கள்” என்று பெற்றோருக்கு அறிவுரை கிடைக்கிறது. நம்மில் பலர் அதை நம்பியும் விடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து.

“யாரோ வந்திருக்கிறார்கள்” என்றால் வந்தவர் உண்டு, இன்னார் என்று தெரியவில்லை. அங்கே சம்பாடி. “யாராவது வந்தார்களா?” என்றால் ஒருவர் வந்தாரா என்பதே நிச்சயமில்லை. அங்கே எனிபாடி. இந்தியில் இரண்டு இடத்திலும் ‘கோயி’தான். ஆகவே தமிழ் தெரிந்த குழந்தைக்கு இங்கே ஒரு வசதி கூடுதலாகவே இருக்கிறது. ஏதோ, ஏதாவது; எங்கோ, எங்காவது என்று மற்றவற்றையும் இதே வழியில் சொல்லித் தரலாம். விதிவிலக்குகள் உண்டு, “யாராவது உதவுவார்கள்” என்பதற்குச் சம்பாடிதான் வரும். ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும்.

சிக்கல் எதிர்மறையில்தான். நாம் “யாரும் வரவில்லை” என்கிறோம். ‘யாரும்’ என்பதில் உள்ள முற்றும்மை எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது. மறுக்கும் வேலை ‘இல்லை’யுடையது. ஆங்கிலத்திலோ நோபாடி என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லை’ அடங்கியிருக்கிறது. ‘நோபாடி கேம்’ என்றாலே போதும். ‘நோபாடி டிட் நாட் கம்’ என்று எழுதினால், வராதவர் ஒருவருமில்லை என்று பொருள் மாறிவிடும். ‘எனிபாடி டிட் நாட் கம்’ என்பதும் தவறு. ஆனால் ‘ஐ டிட் நாட் சீ எனிபாடி’ சரி. அங்கே நாட் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில், சாசர் காலத்தில், ஆங்கிலேயர்களே ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று எதிர்மறைகளை அடுக்கி எழுதியவர்கள்தாம். அதைத் தவறு என்று 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் விதியாக்கினார்கள். இன்று பள்ளிகள் அதைப் பின்பற்றுகின்றன.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லட்டும். “யாரோ கதவைத் தட்டுகிறார்கள்”, “யாராவது பார்த்தீர்களா?”, “யாரும் பார்க்கவில்லை” என்று தொடங்கலாம். பிறகு நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் தமிழில் சொல்லட்டும். பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் வரும், தமிழும் நிற்கும்.

ஊர் விட்டு வந்த நமக்குத் தமிழ் பேசும் இடம் பெரும்பாலும் வீடு ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால், நாளை நம் பேரக் குழந்தைகளோடு தமிழில் பேச யாராவது இருப்பார்களா?