கேலிக் குரல்

1968 சனவரியில் அண்ணாவின் அரசு இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அதே ஆண்டு வடக்கே 'படோசன்' என்ற இந்திப் படம் வந்தது. மதராசிப் பாட்டு வாத்தியாராக வந்த மெஹ்மூத், நம்மவர் பேச்சைக் கோணலாக்கிக் காட்டினார், கொட்டகை சிரித்தது. நமக்குக் கசந்தது. கசக்கத்தானே செய்யும்!

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் அப்பு என்றொரு இந்தியக் கடைக்காரர். குரல் கொடுத்தவரோ ஹாங்க் அசாரியா என்னும் வெள்ளையர். குடியேறிய இந்தியரின் பிள்ளைகளைப் பள்ளியில் அந்தக் குரலாலேயே குத்தினார்கள். ஹரி கொண்டபோலு 2017-இல் ஆவணப்படம் எடுத்துத் தட்டிக் கேட்டார். 2020-இல் அசாரியா விலகினார்.

இனி நம் தியாகராயநகருக்கு வருவோம். உணவுவிடுதியில் மேசை துடைக்கும் பீகார் இளைஞர், தட்டுத்தடுமாறித் தமிழில், "அண்ணா, என்னா வேணும்?" என்கிறார். அதை அவர் முகத்தெதிரே அப்படியே நீட்டி முழக்கிச் சிரிப்பவர் யார்? நம்மவர்! கரைவேட்டிக்காரரும் அதில் உண்டு என்பதை மறைக்க மாட்டோம்.

தோழர்களே, இந்தித் திணிப்பு டில்லியோடு நமக்குள்ள வழக்கு. மேசை துடைப்பவர் அதில் எதிரி அல்லர். அவர் மொழியைத் திணிக்க வரவில்லை. வயிற்றுக்காக வந்தார், வந்த இடத்தில் தமிழ் கற்கிறார். கேலி செய்தால் வாயை மூடிக்கொள்வார். வாய் மூடிய தொழிலாளி குறைந்த கூலியையும் கேள்வியின்றி வாங்குவார். பக்கத்தில் நிற்கும் தமிழ்த் தொழிலாளியின் கூலியும் சரியும். இலாபம் யாருக்கு? முதலாளிக்கு!

2023 மார்ச்சில், வடவரைத் தமிழர் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பீகார் அதிகாரிகள் இங்கே நேரில் வந்து விசாரித்துத் திருப்தியோடு திரும்பினார்கள். மறுபடி அப்படியொரு பொய் கிளம்பும், ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் அழைத்து, "அங்கே எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்பாள். அந்த இளைஞர் என்ன சொல்லுவார்?