சர்ச்சில் பெங்களூருவில் படித்தார், சரி... அந்த ‘ஃப்ரீ டைம்’ யார் காசு?

குருபரப்பள்ளி பக்கம் ஷிஃப்ட் முடித்து, லீவு நாளில் பஸ் ஏறும் இளைஞர்களுக்கு பெங்களூரு ஐ.டி. ஊர். 1896 அக்டோபரில் இந்தியா வந்த 21 வயது வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு அது ராணுவ கன்டோன்மென்ட். பிரிட்டனின் 4-வது ஹுஸார்ஸ் குதிரைப்படையில் அவர் ஜூனியர் அதிகாரி.

காலேஜ் போகாத சர்ச்சில், பெங்களூரு பங்களாவில் தானே படித்து முன்னேறினார் என்று தன்னம்பிக்கைப் பேச்சுகளில் சொல்வார்கள். பொய் இல்லை. அம்மா அனுப்பிய கிப்பன், மெக்காலே புத்தகங்களை தினமும் மணிக்கணக்கில் படித்தார்.

ஆனா, அவ்வளவு நேரம் எங்கிருந்து கிடைத்தது? பரேடு, லாயம், ஆபீஸ் எல்லாம் காலை பத்தரைக்குள் ஓவர். மாலை 5 மணிக்கு போலோ. நடுவில் முழுக்க ஃப்ரீ. பட்லர் ஒருவர், உடை எடுத்துக் கொடுக்க ஒரு பையன், குதிரைக்காரர்கள். இது போக தோட்டக்காரர், தண்ணீர் சுமப்பவர், சலவைக்காரர், காவலாளி. இந்த வேலைகளில் பாதியை நாமே செய்துகொண்டு, 8 மணி நேர ஷிஃப்டும் பார்த்துவிட்டு ‘நமக்கு ஒழுக்கம் பத்தலை’ என்று நொந்துகொள்வது அநியாயம்.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் செலவு இந்திய வருவாயில் இருந்துதான் போனது. அதாவது விவசாயி கட்டிய வரி. அவர் வந்த 1896-97 இந்தியாவில் பெரும் பஞ்சம் பரவிய காலம். நம்ம ஓசூர் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கும் இடமும் அன்று ராணுவத்துக்குக் குதிரைகளைத் தயார்படுத்திய இடம்தான்.

சம்பளம் போதாமல் கடன் வாங்கினார். 1897-ல் மலக்கண்ட் போருக்குப் போய் பத்திரிகைக்கு எழுதினார்; அடுத்த ஆண்டே அது புத்தகம். 1898-ல் சூடானின் ஓம்துர்மானில் 21-வது லான்சர்ஸோடு குதிரையில் பாய்ந்தார். 1899-ல் ராணுவத்தை விட்டார், 1900-ல் எம்.பி. நாலு வருடச் சொச்ச வேலையை அரசியலுக்கு ஏணியாக்கிய கெட்டிக்காரத்தனத்தை மறுக்க முடியாது.

பெங்களூரு கிளப்பின் பழைய கணக்குப் புத்தகத்தில், அவர் பெயரில் 13 ரூபாய் வராக்கடனாக இருக்கிறது. விருந்தினர்களுக்கு அதைப் பெருமையாகவே காட்டுகிறார்கள். 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தபோது, பிரிட்டனின் பிரதமர் இதே சர்ச்சில். அந்தக் கணக்கைக் கேட்காமல் 13 ரூபாயைப் பார்த்துச் சிரிப்பது எப்படி?