இசைத்தட்டும் இசையரங்கும்

பாடலை அரங்கிலேதான் கேட்டல் வேண்டும், தட்டிற் கேட்பது அதன் நிழலைக் காண்பதே என்பர் ஒருசாரார். அரங்கில் ஆரவாரமே மிகும், பாடலின் உண்மை வடிவம் தட்டிலேதான் உளது என்பர் மற்றொருசாரார். றொக் இசைக்குழுவொன்று புதிய தொகுப்பை வெளியிடுந்தோறும் இவ்வழக்கு எழுகின்றது. இருசாராரும் ஒன்றை மூலமெனவும் மற்றதை அதன் படியெனவும் கொண்டே வாதிடுகின்றனர். அக்கொள்கையே பொருந்தாதென்பது எமது துணிபு.

இதற்குத் தக்க சான்றாவது அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் தோன்றிய ஃபுகாசி என்னும் குழு. 1987 ஆம் ஆண்டு முதல் 2002 ஆம் ஆண்டு வரை இக்குழுவினர் ஆயிரத்துக்கு மேற்பட்ட அரங்குகளில் இசைத்தனர். பெருநிறுவனங்களைச் சாராது, தம்முள் ஒருவரான இயன் மக்காய் பிறரோடிணைந்து நிறுவிய டிஸ்கோர்ட் என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாகவே தட்டுகளை வெளியிட்டனர். அரங்கக் கட்டணம் பெரும்பாலும் 5 டொலரளவிலேயே நின்றது.

அவர்தம் அரங்கிற்கு முன்னரே வகுத்த நிரல் இல்லை. ஒருவர் ஒரு பாடலைத் தொடங்க, ஏனையோர் குறிப்பறிந்து உடன்செல்வர். கூட்டத்திற் சிலர் பிறரை இடித்து வருத்துவராயின் மக்காய் இசையை நிறுத்திக் கண்டிப்பார். அடங்காதாரைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேற்றியதும் உண்டு. இத்தகைய அரங்கிலே கேட்போரும் ஆக்கத்தின் பங்காளராவர். இதனை எந்தத் தட்டுத் தரவல்லது?

அங்ஙனமாயின் தட்டுத் தாழ்ந்ததோ? அன்று. 1993 இல் வந்த 'இன் ஒன் த கில் டேக்கர்' என்னும் தொகுப்பிற்கென முதலிற் சிக்காகோவில் ஸ்டீவ் அல்பினியிடம் பதிந்தவற்றை, நிறைவு தோன்றாமையால் விடுத்து, தம் ஊர்ப்புறத்தே மீளவும் பதிந்தனர். அரங்கிலே பிழைத்த ஒலியை மீட்டல் இயலாது. பதிவுக்கூடமோ எழுதியதை அடித்துத் திருத்தும் புலவனின் ஏடு போல்வது. 2001 இல் வெளிவந்த 'த ஆர்கியூமன்ற்' என்னும் இறுதித் தொகுப்பில் செலோவின் நாதமும் பெண்குரல்களும் இடையிடையே இழைகின்றன. நெரிசல்மிக்க மண்டபத்தில் நழுவிப்போகத்தக்க அந்நுண்மைகளைத் தனித்திருந்து கேட்போனே முற்றும் நுகர்வான்.

இனி, அரங்கையே பதிந்து வைத்தால் வழக்குத் தீருமோ? இக்குழுவினர் எண்ணூறுக்கு மேற்பட்ட அரங்குப் பதிவுகளைப் பேணி, 2011 ஆம் ஆண்டு முதல் அவற்றை வெளியிட்டு வந்துள்ளனர். ஒரே பாடல் ஆண்டுக்காண்டு விரைந்தும் தளர்ந்தும் நீண்டும் வளர்ந்த வரலாற்றை அவற்றிற் காணலாம். ஆயினும் பாடல்நிரலை முன்னரே கண்டு கேட்கும் நமக்கு, அடுத்து வருவது யாதென அறியாது நின்றாரின் வியப்பு வாய்ப்பதில்லை. அரங்கின் பதிவு அரங்கும் அன்று, தொகுப்பும் அன்று. அது மூன்றாவதொரு பொருள்.

ஏட்டிற் கற்ற செய்யுள் அவையிலே பாடக் கேட்குங்கால் வேறோர் உயிர் பெறுதலைத் தமிழாசிரியர் நன்கறிவர். அதனால் ஏட்டை எறிந்தார் எவருமிலர். ஏடு உண்டென்று ஓசையை ஒறுத்தாருமிலர். இசைக்கும் அந்நெறியே ஏற்றது. தட்டை அரங்குபோல் இல்லையென்றும், அரங்கைத் தட்டுப்போல் இல்லையென்றும் பழித்தல் எளிது. தட்டு ஆற்றவேண்டியதை ஆற்றியதா, அரங்கு ஆற்றவேண்டியதை ஆற்றியதா எனத் தனித்தனி வினாவுதலே திறனாய்வாளன் கடன். இதனை நம் மாணாக்கர் இளமையிலேயே பயில்வாராக.